கோட்டை இல்லாத துறைமுகம்

கொச்சியின் மிளகு வரலாறு கோட்டையோடு பிணைந்தது. போர்த்துகீசியர் 1503இல் இங்கு இம்மானுவேல் கோட்டையை எழுப்பினர். 1663இல் அது டச்சுக்காரர் கைக்கு மாறியது. மட்டாஞ்சேரியின் கிடங்குகளைப் பார்ப்பவர், மிளகு உள்ள இடத்தில் அந்நியப் படையும் இருந்தே தீரும் என எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணத்தை 1500 ஆண்டுகள் பின்னுக்கு நீட்டும்போதுதான் சிக்கல் எழுகிறது.

முசிறியில் உரோமப் படைப்பிரிவுகள் இரண்டு நிலைகொண்டிருந்தன என்ற கூற்று காலனிய கால வரலாற்று நூல்களில் உண்டு. பியூட்டிங்கர் நிலப்படம் முசிறிக்கு அருகே அகஸ்டஸ் கோயில் ஒன்றைக் குறிப்பது மெய்யே. ஆயினும் கோயில் எழுப்ப வணிகர் குடியிருப்பே போதும், படை வேண்டியதில்லை.

உரோம எல்லைக்கோட்டை தனக்கென ஓர் அமைப்புடையது. பிரிட்டனின் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய கோட்டைகளில் அகழி, வாயில்கள், தலைமையகம், தானியக் களஞ்சியம், வீரர் குடியிருப்பு ஆகியவை ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அமைந்துள்ளன. மட்டாஞ்சேரிக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகள் தந்தவை வேறு: ஆம்போரா ஓடுகள், மணிகள், செங்கல் கட்டுமானம், மர ஓடம். அகழப்பட்டது அவ்வூரின் சிறு பகுதியே எனினும், கிடைத்தவை யாவும் துறைமுகத்தையே சுட்டுகின்றன.

செங்கடலின் தென்பகுதியிலுள்ள ஃபரசான் தீவுகளில் உரோமப் படைப்பிரிவு இருந்ததை, ஏறத்தாழ கி.பி. 144ஐச் சேர்ந்த இலத்தீன் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது. முசிறிக்கு அத்தகைய கல்வெட்டு எதுவுமில்லை.

தமிழ்ச் சான்றுகளும் இதற்கு இசைவானவை. அகநானூற்றின் 149ஆம் பாட்டு, யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற முசிறியைப் பாண்டியன் முற்றுகையிட்டதைக் கூறுகிறது; அங்கு யவனப் படை எதிர்த்து நின்றதாகக் கூறவில்லை. முல்லைப்பாட்டிலும் சிலப்பதிகாரத்திலும் யவன வீரர் வருகின்றனர். ஆனால் அவர்கள் காப்பது தமிழ் வேந்தரின் பாசறையையும் மதுரையின் மதில்வாயிலையும்.

உரோம அரசுக்கு முசிறியில் கோட்டை தேவைப்படவுமில்லை. கிழக்கிலிருந்து வந்த சரக்கின் மதிப்பில் 25 விழுக்காட்டை அது எகிப்தில் வரியாகப் பெற்றுக்கொண்டது. தன் எல்லைக்குள் நின்றே பயன்பெற்ற அரசுக்குக் கடல்கடந்த காவற்படை வீண் செலவு.

ஆகவே, முசிறியின் உரோமக் கோட்டை பழங்காலச் சான்றுகளிலிருந்து பிறந்ததன்று. பிற்காலக் கோட்டைகளின் நிழல் முன்காலத்தின்மேல் விழுந்ததால் தோன்றியது. இதனை ஏற்றால், வணிகம் என்றாலே ஆதிக்கம் என்ற முன்முடிவையும் ஐயுற வேண்டியிருக்கும்.