லயத்து டிவியில் லூனா

திருப்பூரில் என்னோடு அறையில் இருப்பவர்களுக்குக் கால்பந்து என்றால் மெஸ்ஸி, ரொனால்டோ. அதற்குமேல் இழுத்தால் ஐபிஎல்லுக்குத் தாவிவிடுவார்கள். அட்ரியன் லூனாவைப் பற்றிச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். எங்கள் ஊரான கேரளத்துப் பீர்மேட்டில் இந்தப் பாடே கிடையாது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூட, முந்தின நாள் லூனா அடித்த கார்னரைப் பேச ஆள் கிடைக்கும்.

லூனா 1992-இல் உருகுவேயின் டக்குவாரெம்போவில் பிறந்தவர். டிஃபென்சர் ஸ்போர்ட்டிங், ஸ்பெயின், மெக்சிகோ என்று சுற்றி, மெல்போர்ன் சிட்டியோடு ஆஸ்திரேலிய லீக்கை வென்ற அதே 2021-இல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) 2014, 2016 இறுதிப் போட்டிகள் இரண்டிலும் தோற்ற கிளப் இது. எதைப் பார்த்து வந்தாரோ!

கொரோனாவால் அந்த சீசனின் லீக் ஆட்டங்கள் எல்லாம் கோவாவில், ஆளில்லாத மைதானங்களில் நடந்தன. கொச்சிக்காரனுக்கும் டிவிதான், எங்களுக்கும் டிவிதான். சித்தப்பா வீட்டு முன்னறையில் தோட்டத் தொழிலாளர் லயமே கூடிவிடும். தகரக் கூரையில் மழை இறங்கினால் கமெண்டரி கேட்காது. இன்னும் கொஞ்சம் வலுத்தால் டிஷ் சிக்னலும் போய், படம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். லூனா பந்தை வாங்கித் திரும்புவது வரைக்கும் தெரியும். படம் திரும்ப வரும்போது பந்து ஸ்ட்ரைக்கர் பெரேரா டயஸின் காலில் இருக்கும். "குடுத்தது லூனாதான்டா" என்பார் சித்தப்பா. நடுவில் நடந்ததை யார் பார்த்தது? ஆனாலும் அதை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

சித்தப்பா 1986 மரடோனா காலத்து அர்ஜென்டினா ரசிகர். உருகுவேக்காரனை எப்படி ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், "நமக்கும் தமிழ்நாட்டுக் கம்பத்துக்கும் நடுவுல மலை, அவனுகளுக்கு நடுவுல ஆறு. அவ்வளவுதானே?" என்பார்.

2022 மார்ச் 20 இறுதிப் போட்டியில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றோம். அடுத்த மாதமே லூனாவின் ஆறு வயது மகள் இறந்துபோனாள். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். அக்டோபர் 7, கொச்சி கலூர் ஸ்டேடியம், ஈஸ்ட் பெங்காலோடு முதல் ஆட்டம். 72-ஆவது நிமிடம், டிஃபென்டர் கப்ரா பின்னாலிருந்து தூக்கிக் கொடுத்த பந்தை லூனா ஓடிப்போய் வலைக்குள் தள்ளினார். உடனே மகளின் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த இடத்தைக் காட்டி, வானத்தைப் பார்த்து அழுதார். ஸ்டேடியம் முழுக்க மஞ்சள் கத்திக்கொண்டிருக்க, எங்கள் முன்னறையில் சித்தி மட்டும், "பாவம், புள்ளையப் பறிகொடுத்தவன்" என்றார். சித்திக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது.

கோல் அடிக்கிறவன் மேல் இல்லாமல் லூனா மேல் எங்களுக்கு ஏன் அத்தனை பிரியம்? தன் பாதிக்கு இறங்கி வந்து, சறுக்கி விழுந்து பந்தைப் பறித்து, எழுந்து அதைத் தானே கொண்டுபோவார். கேப்டன் பட்டை கட்டியவர் செய்கிற வேலையா இது? எஸ்டேட் கிரவுண்டில் அதைப் பார்த்துப் பழகிய பையன்கள் முட்டியைத் தேய்த்துக்கொண்டதுதான் மிச்சம். எங்கள் கிரவுண்ட் ஒரு பக்கம் சரிவு. மூடுபனி இறங்கினால் பந்து தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் ஓட வேண்டும். தப்பினால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும்.

அப்பா ரிட்டயர் ஆனார், கிராஜுவிட்டி வந்தது, லயத்து வீட்டை ஒப்படைத்தோம். தோட்டத்தில் அதுதான் முறை. நான் இங்கே பனியன் கம்பெனிக்கு வந்தேன். லூனா 2023 டிசம்பரில் முழங்காலில் அடிபட்டு ஆபரேஷன் செய்துகொண்டு, சீசன் முடிவதற்குள் திரும்பி வந்து ஆடினார். ஐஎஸ்எல் தொடங்குமா என்பதே தெரியாமல் மாதக்கணக்கில் இழுத்ததில், 2026 தொடக்கத்தில் லோனில் இந்தோனேசியாவுக்குப் போய்விட்டார். பிளாஸ்டர்ஸோடு ஒரு கோப்பைகூட வென்றதில்லை.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "லோன்தானே சித்தப்பா, வந்துருவான்ல?"

"அவனுக்கு 2027 வரைக்கும் காண்ட்ராக்ட் இருக்குடா. நீ எப்ப வர்ற?"

வந்தால் அவர் வீட்டில்தான் தங்க வேண்டும். அவருக்கும் ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது.