பணிவிடை செய்வோரின் முதுகு

படுக்கையில் விழுந்த முதியோரைப் பேணுவதை நம் குடும்பங்கள் பெரும் பேறாகக் கருதுகின்றன. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், அப்பணிவிடை எவருடைய முதுகெலும்பின் மீது நடைபெறுகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் அரியர். பெரும்பாலும் அது மருமகளின் முதுகாகவோ, மணமாகாத மகளின் முதுகாகவோ இருக்கும்.

என் வாப்பா அவர்களுக்குப் பக்கவாதம் கண்டு வலக்கையும் வலக்காலும் செயலிழந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. எடை 62 கிலோ. நான் மதரஸாவில் இருக்கும் நேரங்களில் என் மனைவியும் தங்கையும் அவர்களைக் கவனித்துக்கொள்வர். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் லுஹர் தொழுகையில், ருகூவிலிருந்து நிமிர இயலாமல் என் மனைவி சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். நலம் விசாரிக்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "மாமனாருக்குச் செய்யும் கித்மத்தில் வலியென்று வாய்விட்டுச் சொல்லலாமா?" என்று கேட்டார். அக்கேள்வியில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. சொல்லாத வலிக்கு எவர் மருந்து தருவார்?

மருத்துவர் ஓர் இயன்முறை மருத்துவப் பெண்மணியை வீட்டிற்கு அனுப்பிவைத்தார். அவர் கட்டிலருகே நின்று சொன்ன முதற்சொல், "இவரை நீங்கள் தூக்கவே கூடாது" என்பதுதான். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1991ஆம் ஆண்டு திருத்தி வகுத்த கணக்கின்படி, எல்லா வசதியும் பொருந்திய நிலையில்கூட ஒருவர் கையால் தூக்கத்தக்க பாரம் 23 கிலோதான். நோயாளி பெட்டியைப் போன்றவர் அல்லர். நெளிவார், நடுங்குவார், திடீரெனச் சரிவார். ஆதலால் நோயாளியைக் கையாளுவோருக்கு அவ்வளவு 16 கிலோ அளவில் நிற்க வேண்டுமென்று தாமஸ் வாட்டர்ஸ் என்னும் ஆய்வாளர் 2007இல் எழுதினார். 62 கிலோவைத் தனியொரு பெண் நாளுக்குப் பன்முறை தூக்குவதை இதனோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

பாரத்தைவிட அது உடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே முதுகை வருத்துகிறது. வாளித் தண்ணீரை இடுப்போடு அணைத்தும், கையை நீட்டியும் பிடித்துப் பார்த்தால் விளங்கும். சுவீடன் நாட்டு ஆல்ஃப் நாச்செம்சன் 1960களில், உயிருள்ளோரின் முதுகெலும்புத் தட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்பதைவிட, பாரத்துடன் முன்னோக்கிக் குனியும்போது அழுத்தம் மிகுவதைக் கண்டார். அதனோடு இடுப்பை முறுக்கித் திரும்புவது இன்னும் கேடு. எங்கள் வீட்டுக் கட்டிலோ தாழ்வானது; எல்லா வேலையும் குனிந்தே நடந்துவந்தது.

அப்பெண்மணி கற்பித்த முறை எளியது. கால்களைச் சற்று அகற்றி, ஒரு முழங்காலைக் கட்டிலின் மேல் ஊன்றி, நோயாளியோடு நெருங்கி நிற்க வேண்டும். புரட்டும் திசைக்கு எதிர்ப்புறத்திலுள்ள முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் பிடித்து நம் பக்கமாக உருட்ட வேண்டும். மேலே நகர்த்த, அடியில் மடித்து விரித்த துணியை இருபுறமும் இருவர் பற்றி நகர்த்த வேண்டும். உடலைத் தேய்த்து இழுத்தால் தோல் உரியும். செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் தோள்மூட்டைப் பாழாக்கும்.

நாற்காலிக்கு மாற்றும் முறையே எனக்கு மிகவும் வியப்பளித்தது. நலமான இடப்பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பாதங்களைத் தரையில் ஊன்றச் செய்து, தலையைப் பாதங்களுக்கு நேராக முன்னே சாய்க்கச் சொன்னார். சாய்ந்ததும் இருப்பிடம் தானே இலேசாகி எழும்பியது! மருமகள் தூக்க நேர்கிறதே என்ற கூச்சத்தில் அதுவரை உடலை விறைத்துக்கொண்டிருந்த வாப்பா அவர்கள், அன்று தம் இடக்காலால் தாமே பாதி எழுந்தார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டாமென்றும், தாம் "பிஸ்மில்லாஹ்" சொன்னதும் அனைவரும் சேர்ந்து அசையலாமென்றும் கட்டளையிட்டார்கள். இன்றுவரை அதுவே எங்கள் வீட்டு அடையாளச் சொல்.

குகைவாசிகள் உறங்கிய காலத்தில் வலமும் இடமுமாகப் புரட்டப்பட்டதைக் கஹ்ஃப் அத்தியாயத்தில் ஓதுகிறோம். மண் அவர்களின் உடலை அரித்துவிடாதிருக்கவே என்று விரிவுரையாளர்கள் எழுதினர். படுக்கைப் புண்ணைக் கண்டவருக்கு அவ்விளக்கம் நன்கு புரியும். ஒரே பக்கம் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்புவது மருத்துவமனைகளின் வழக்கம். தோலின் நிலையையும் மெத்தையையும் பொறுத்து அது மாறும்.

நல்ல முறையில் குனியக் கற்பிப்பதால் மட்டும் முதுகுவலி குறைவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. துணைக்கு ஆளும் கருவியும் வேண்டும். துபாயிலிருக்கும் தம்பி என்ன அனுப்பட்டுமென்று கேட்டபோது, வழுவழுப்பான நகர்த்தும் துணியையும், நோயாளியின் இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ளும் பட்டையையும் கேட்டு வாங்கினோம். ஃபஜ்ருக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் புரட்டுவது என் முறை.

மய்யித்தைக் குளிப்பாட்டுகையில் எவ்வாறு இடமும் வலமும் சாய்ப்பது என்று மதரஸாவில் பாடம் நடத்துகிறோம். உயிரோடிருக்கும் பாட்டனாரைப் புரட்டும் முறை எந்தப் பாடத்திலும் இல்லை. இவ்வாண்டு மூத்த மாணவர்களுக்குக் கட்டில் ஒன்றைப் போட்டு அதனையும் கற்பித்து வருகிறேன். நோயாளியாகப் படுப்பதற்குத்தான் போட்டி. படுத்தவன் எழுந்ததும், தன்னை எவன் மூட்டையைப் போல உருட்டினான், எவன் சொல்லிவிட்டுத் தொட்டான் என்று தப்பாமல் சொல்லிவிடுகிறான்.