மரையில் விழும் பாரம்

"ரெண்டு போல்ட்டு, ஒரு பின். இதுக்கா இவ்வளவு காசு?" சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் லேத் முன்னால் நின்ற காலமெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ஊர் திரும்பி ஓய்வாக உட்கார்ந்த பிறகும் அது என்னை விடவில்லை. அங்கே வேலை பார்க்கும் தங்கை மகன் போன மாதம் ஒரு படம் அனுப்பினான். ராஸ் அல் கைமா மலையில் ஏறும்போது ஜீப் ரேங்ளர் ஒன்றின் ஸ்வே பார் டிஸ்கனெக்ட் (வண்டி சாயாமல் பிடிக்கும் பாரை ஆக்சிலோடு இணைக்கும், வேண்டும்போது கழற்றக்கூடிய லிங்க்) இரண்டாக முறிந்து கிடக்கிறது. நண்பர்கள் சேர்ந்து வீட்டிலேயே செய்ததாம். "மாமா, இரும்பு மட்டம் போல. இன்னும் தடியாப் போட்டா நிக்குமா?"

நிற்காது.

முறிந்த முகத்தைப் பாருங்கள். முக்கால் பாகம் வழுவழுப்பு. அதில் சிப்பி முதுகில் இருப்பது போல வளைந்த வரிகள். ஓரத்தில் மட்டும் சொரசொரப்பு. ஒரே அடியில் உடைந்த இரும்பு இப்படி இருக்காது. நாள்கணக்கில் விரிசல் ஊர்ந்து வந்து, மிச்சமிருந்த இரும்பு அன்றைக்குப் பாறையில் கைவிட்டிருக்கிறது. விரிசல் தொடங்கிய இடம் மரையின் பள்ளம்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் ஒரு பாகிஸ்தான்காரர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் உஸ்தாத். லிங்க் செய்யச் சொன்னால் முதலில் இரும்பைத் தொட விடமாட்டார். முன்பக்க ஸ்பிரிங் இரண்டையும் கழற்றச் சொல்வார். ஆக்சிலின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு உயரத்திலும் லிங்க்கைக் கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது இறுகினால் கழற்றி மறுபடி கடைய வேண்டும். பாரின் கை ஒரு வட்டத்தில் போகிறது, ஆக்சில் வேறொரு வழியில் போகிறது. நடுவில் இருக்கும் லிங்க் இரண்டு முனையிலும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்ந்து கொடுத்தே ஆக வேண்டும். கம்பெனி அங்கே ரப்பர் புஷ் வைப்பது அதற்காகத்தான். சாயங்காலம் டெலிவரி, வாசலில் வண்டிக்காரர் கத்துகிறார், உஸ்தாத் கண்டுகொள்ளவே மாட்டார். கையில் லிங்க் இறுகினால் இறுகினதுதான்.

பையன்கள் செய்வது என்ன? கம்பியில் ஓட்டை போட்டு இறுக்கமாகப் பின்னைச் செருகுகிறார்கள். புஷ் கிடையாது. இழுவையும் தள்ளுதலும் மட்டும் தாங்க வேண்டிய லிங்க் ஒவ்வொரு பள்ளத்திலும் வளைகிறது. போல்ட்டும் முழு மரை போல்ட்டு. பாரம் வெற்றுத் தண்டில் விழாமல் மரையிலேயே விழுகிறது. தலையில் 10.9 என்ற பலத் தர எண் இருந்தால் போதும் என்ற எண்ணம் வேறு. அந்த போல்ட்டை பைப்பில் வைத்து வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். சூடேற்றிக் குளிர்வித்து ஏற்றிய பலம் அந்தச் சூட்டிலேயே போய்விடும், பிறகு 10.9 என்பது வெறும் எழுத்து.

தடியாக்கினால் லிங்க் பிழைத்தாலும், ஆக்சிலில் பற்றவைத்த பிராக்கெட் கிழியும். பாரம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்?

கழற்றிவிட்டு ஏறுவதற்குத்தானே டிஸ்கனெக்ட், எப்படி முறிந்தது என்று கேட்டேன். ஒரு பக்கப் பின் வரவே இல்லையாம், சுத்தியலால் அடித்தும் அசையாததால் மாட்டியபடியே ஏறினார்களாம். பின் ஏற்கெனவே வளைந்திருக்கிறது. அதுதான் எச்சரிக்கை, அதைச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள்.

முறிந்த முனை டயரின் பக்கச்சுவரையோ பிரேக் ஹோஸையோ குத்தாதது அவர்கள் அதிர்ஷ்டம். இதுவே நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் லேன் மாறும்போது போயிருந்தால், அத்தனை உயரமான வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ரேங்ளர் ரூபிகானில் பாரைக் கழற்றக் கம்பெனியே பட்டன் வைத்தது. ஜேகே மாடலில் வேகம் 29 கிலோமீட்டரைத் தாண்டினால் பார் தானாக மறுபடி இணையப் பார்க்கும். ஓட்டுகிறவன் மறப்பான் என்று அங்கே ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இங்கே கழற்றிய பாரைத் தூக்கிக் கட்டக்கூட ஆளில்லை.

வீட்டில் செய்வதை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் செய்ததும் கையால் செய்ததுதான். மூன்று நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒரு சக்கரத்தைக்கூடத் தொங்கவிட்டுப் பார்க்காமல் மலைக்குக் கிளம்புவதுதான் பொறுக்கவில்லை. லேத் பட்டறைகளும் இப்போது கேட்டதை வெட்டிக் கொடுத்துக் காசு வாங்குகின்றன. எந்த வண்டிக்கு, எத்தனை அங்குலம் லிஃப்ட் செய்தது என்று கேட்பவர்கள் அருகிவிட்டார்கள்.

தங்கை மகனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். ஒரு சக்கரத்தைத் தூக்கி, மறுசக்கரத்தைத் தொங்கவிட்டு, இரண்டு லிங்க்கையும் கையால் முறுக்கிப் பாருங்கள். இறுகினால் அதை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள்.