காலை உணவும் முதல் மணியும்

செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் நெல்லும், மல்லாட்டை என்று அங்கே வழங்கும் நிலக்கடலையும் அறுவடையாகும் பருவத்தில், பெற்றோர் விடியுமுன் வயலுக்குப் போய்விட்டால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பிள்ளையின் மேல் விழுகிறது; அதனால் அந்தப் பிள்ளை பள்ளிக்குத் தாமதமாகிறது.

இடைநிற்றல், அதாவது படிப்பை முடிக்காமல் பள்ளியை விட்டு நிற்பது, பெரும்பாலும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலில் தாமதம், பிறகு அரைநாள், அதன்பின் வாரக்கணக்கில் விடுப்பு என்று அது மெல்ல வளர்கிறது.

1956இல் காமராசர் ஆட்சியில் விரிவடைந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமோ, வகுப்புக்கு முன்பே பரிமாறப்படுவதால், நேரத்துக்கு வரவும் ஒரு காரணம் தருகிறது.



ஆனால் தாமதமாக வரும் பிள்ளை பாடத்தோடு சிற்றுண்டியையும் இழக்கக்கூடும்.

தாமதத்துக்கு வீட்டுப் பொறுப்பு மட்டுமே காரணமன்று; ஒற்றைப் பேருந்தை நம்பி வரும் பிள்ளையின் தாமதத்தை யார் கணக்கில் எழுதுவது?