குளித்தவன் பங்கு

தூத்துக்குடிக்கு நிலவழியாய் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கடலன்று, உப்பளம். சாலையின் இருமருங்கிலும் பாத்தி பாத்தியாக வானத்தை ஏந்திக் கிடக்கும் நீர். வரப்புகளில் நிமிர்ந்து நிற்கும் வெண்ணிற அம்பாரங்கள். அவற்றிடையே தலைச்சுமையோடு நடக்கும் பெண்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்நாட்டில் மிகுதியாக உப்பு விளைவது தமிழகத்தில், தமிழகத்திலோ இங்கேதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்தபின் தொடங்கும் வேலை அடுத்த மழை வரும்வரை நீளும். உச்சிவெயிலில் அந்த வெண்மையை ஒரு மணிநேரம் பார்த்தவருக்கே கண் கூசி நீர் வடியும். நாற்பது ஆண்டுகள் அதைப் பார்த்த கண்கள் என்னவாகும் என்பதை, மாலைத் திருப்பலியில் நற்கருணை வாங்க வரும் முகங்களில் நான் கண்டிருக்கிறேன்.

நான் கடற்கரையில் பிறந்தவன் அல்லன். தேரிக்காட்டு ஓரத்தில், செம்மணலும் பனையும் கருப்பட்டி காய்ச்சும் புகையுமாய் இருந்த சிற்றூர் என்னுடையது. எங்கள் ஊரில் காற்று என்றால் காற்றுதான். இந்த நகரின் பங்கு ஒன்றுக்கு அனுப்பப்பட்டபின்தான், வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து வருவது கொண்டல், தெற்கே இருந்து வருவது சோழகம், மேற்கே இருந்து வருவது கச்சான் என்று பெயர் சொல்லிக் காற்றை அழைக்கக் கற்றுக்கொண்டேன். குருமடத்தில் எட்டு ஆண்டுகள் படித்த இறையியலில் தூய ஆவியாரைக் காற்றுக்கு ஒப்பிட்டு நெடுநேரம் பேசியதுண்டு. காற்றுக்கு இத்தனை பெயர்கள் உண்டென்று அங்கே எவரும் சொல்லவில்லை.

இந்நகரின் வரலாறு, கடல் ஊர்களை விட்டு விலகிய வரலாறு. முதலில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாய் விளங்கிய அவ்வூர், தாமிரபரணி கொணர்ந்து கொட்டிய வண்டலால் கடலை இழந்தது. இன்று சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. அடுத்து மார்க்கோ போலோ கண்ட காயல், அதுவும் தூர்ந்தது. பின்னர் ஆற்றின் முகத்தில் புன்னைக்காயல். ஆண்டிரிக் அடிகளார் என நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கசு, 1586இல் 'அடியார் வரலாறு' என்ற பெருநூலைத் தமிழில் அச்சிட்டது அங்கேதான். பதினாறாம் நூற்றாண்டிலே அந்தச் சிறிய கடற்கரை ஊரில் தமிழ் அச்சு உருண்டது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? இறுதியில், எதிரே வரிசையிட்ட தீவுகள் அலைகளைத் தடுத்து நிறுத்தியதால், தூத்துக்குடி நிலைத்தது. 1658இல் ஒல்லாந்தர் இதைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1825இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கரிசல்காட்டுப் பருத்தி மூட்டைகளாய் வந்து குவிந்த காலத்தின் அடையாளமாக ஒரு சாலைக்குப் பெரிய காட்டன் சாலை என்று பெயரிட்டனர். அதன் மேற்குப் பகுதியை இன்றும் நம்மவர் 'டபிள்யூ.ஜி.சி. ரோடு' என்றே அழைக்கின்றனர். அந்த எழுத்துகளுக்குள் பருத்தி இருப்பது பலருக்குத் தெரியாது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டதும், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும் பள்ளிப் பாடங்களில் உள்ளன. இங்கே விரிக்க வேண்டியதில்லை.

ஆனால் பாடநூலில் இடம்பெறாத ஒருவர் உண்டு. அவர் குளியாள். கல்லில் காலூன்றி, மூச்சடக்கி, கயிற்றைப் பற்றிக் கடலடிக்கு இறங்கிச் சிப்பி எடுத்தவர்.

அவரைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று, கிரேக்க மொழியில் முதல் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல். கொற்கையின் முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று அது கூறுகிறது. வணிகனுக்குச் செல்வமாகவும் அரசனுக்கு அணியாகவும் இருந்த முத்து, எடுத்தவனுக்குத் தண்டனையாய் இருந்திருக்கிறது. பின்னாளில் அது பரதவர் குலத்தின் தொழிலாயிற்று. 1530களில் அம்மக்களின் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடியதும், பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றதும், முத்துக் குளிக்கும் உரிமை யாருக்கு என்ற போராட்டத்தினின்று எழுந்தவையே. நம் மறைமாவட்டத்தின் வேர் கடலடியில், சிப்பிகளுக்கு நடுவே இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. அதைச் சொல்ல நாம் நாணவும் வேண்டியதில்லை. அம்மக்களிடையே 1542இல் வந்த சவேரியார், 'பாதுகாப்புக்காக வந்தீர்களா, விசுவாசத்துக்காக வந்தீர்களா' என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளை அழைத்தார்.

எங்கள் பங்கில் எண்பதைக் கடந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். 1961இல் நடந்த முத்துக் குளிப்பில், பதினேழு வயதில் கடலில் இறங்கியவர். அரசு நடத்திய இறுதி முத்துக் குளிப்பு அதுவே. ஒரு காது முற்றிலும் கேளாது. மத்தேயு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்திலுள்ள முத்து உவமைக்கு நான் மறையுரை ஆற்றிய ஞாயிறன்று, திருப்பலி முடிந்து எல்லாரும் சென்றபின் அவர் மட்டும் நின்றார்.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம், சாமி. ஒரு சந்தேகம். அந்த யாவாரி எல்லாத்தையும் வித்து முத்த வாங்குனாரே, யாருகிட்ட வாங்குனாரு?"

"இன்னொரு வணிகரிடம் வாங்கியிருக்கலாம், ஐயா."

"அப்போ அத எடுத்தவன் கதையில இல்ல."

"உவமையில் எல்லாரும் வருவதில்லை."

"எங்க கதையிலயும் அப்படித்தான் சாமி. மூணுல ஒரு பங்கு உண்டு. பேரு கெடையாது."

அவர் சொன்ன பங்கு வரலாற்று உண்மை. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தவர்க்கு. எந்தச் சிப்பியில் முத்து உண்டு, எதில் இல்லை என்று எவருக்கும் தெரியாமலே ஏலம் போகும். அரசுப் பதிவேடுகளில் சிப்பிகளின் எண்ணிக்கை உண்டு; வருவாய்க் கணக்கு உண்டு; படகுகளின் தொகையும் உண்டு.

அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. விவிலிய விளக்கவுரைகளைப் புரட்டினேன். முத்து கிறிஸ்துவா, இறையாட்சியா, ஆன்மாவா என்று அறிஞர்கள் நீள எழுதியிருக்கின்றனர். வணிகரின் விவேகத்தைப் புகழ்ந்திருக்கின்றனர். குளித்தவனைத் தேடியபோது, நான்காம் நூற்றாண்டுச் சிரியத் திருத்தொண்டர் தூய எபிரேமிடம் அவனைக் கண்டேன். முத்தைப் பற்றி அவர் பாடிய பாக்களில், அதை உலகுக்கு வெளிக்கொணர்ந்தவர்கள் அரசர்கள் அல்லர், ஆடை களைந்து ஆழத்தில் இறங்கிய எளியவர்களே என்று கண்டு, அவர்களில் கலிலேயத் திருத்தூதரின் சாயலைக் காண்கிறார். அடுத்த வாரம் இதைப் பெரியவரிடம் சொன்னேன்.

"அவரு எந்தக் கடக்கரை?"

"கடலே இல்லாத ஊர், ஐயா."

"கடல் இல்லாத ஊருக்காரருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க," என்று சொல்லி, கேட்கும் காதை என் பக்கம் திருப்பிச் சிரித்தார்.

அதன்பின் அவரிடம் நிறையக் கேட்டேன். ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் ஒரு நிமிடம், கூடினால் சற்று அதிகம், அவ்வளவே மூச்சு. கயிறு அசைந்ததும் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கண நேரம் தவறினால் முடிந்தது. ஆகவே கயிறு பிடிக்க மச்சானையே நிறுத்துவார்களாம். குளித்தவன் செத்தால் கயிறு பிடித்தவனின் தங்கை தாலி இழப்பாள் என்பதே அந்த ஏற்பாட்டின் சூத்திரம். மனித இயல்பை இவ்வளவு தெளிவாய் அறிந்த சட்டநூலை நான் கண்டதில்லை.

சுறாவை மந்திரத்தால் கட்டும் 'கடல்கட்டி' என்ற ஒருவர் பற்றியும் பேச்சு வந்தது. மார்க்கோ போலோ காலத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, இந்த மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று. பின்னாளில் ஆங்கில அரசே கூலி கொடுத்து அவர்களை அமர்த்தியது. கத்தோலிக்கக் குளியாட்கள்கூட அவர் இல்லாமல் இறங்க மறுத்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். மூடநம்பிக்கை என்று இதற்குப் பெயரிடுவது எளிது. மறைக்கல்வி நூலும் அப்படித்தான் கூறும். ஆயினும் கரையில், மின்விசிறியின் கீழ் அமர்ந்து, ஆழத்து அச்சத்தை அளந்து பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கழுத்தில் செபமாலை இருந்தது. காதில் கடல்கட்டியின் முணுமுணுப்பும் இருந்தது. இரண்டையும் கேட்ட ஆண்டவர் எதற்குச் செவிசாய்த்தார் என்பது அவருக்கே தெரியும்.

1961க்குப் பின் பார்களில் சிப்பி பழையபடி செழிக்கவில்லை. முன்பும் இடைவெளிகள் உண்டு. 1928க்குப் பின் 1955 வரை காத்திருந்தவர்கள் நம் முன்னோர். இம்முறை இடைவெளி முடியவேயில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அருகிலுள்ள வேப்பலோடையில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினர். அரிய வெற்றிதான், ஆயினும் அதற்குக் குளியாள் தேவைப்படவில்லை. திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிக்கிறார்கள். கல்லுக்கும் கயிற்றுக்கும் பதில் கம்ப்ரசரும் குழாயும். எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் மணப்பெண்களின் வளையாகிறது. மூச்சு நீண்டது, ஆழமும் கூடியது, விரைந்து மேலே வந்தவர்களின் கைகால் முடங்கிய கதைகளும் கூடின. அத்தகைய ஓர் இளைஞனுக்கு நோயில்பூசுதல் வழங்கியிருக்கிறேன். கட்டிலின் ஒருபக்கம் அவன் தாய். மறுபக்கம் கண் கலங்கி நின்றவர், அவனோடு ஒரே வள்ளத்தில் போகும் இசுலாமிய நண்பர்.

தீவுகளும் குறைகின்றன. 1544இல் வடுகர் படைக்கு அஞ்சித் தூத்துக்குடி மக்கள் அத்தீவுகளில்தான் ஒளிந்தனர். உணவும் நீருமின்றி அவர்கள் பட்ட துயரம் சவேரியாரின் மடல்களில் பதிவாகியுள்ளது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் விலாங்குச்சல்லி மூழ்கிவிட்டது, வான்தீவு சுருங்கியது. வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப் பாறையைப் பல ஆண்டுகள் வெட்டியெடுத்ததன் விலை அது. 2023 ஆகஸ்ட் 5இல் பனிமய அன்னையின் பொன்தேர் தெருவில் வந்தபோது நகரே திரண்டு நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் பெருமழை அந்தத் தெருக்களை நீரில் ஆழ்த்தியது. 1806இல் முதன்முதல் ஓடிய தேர் அது. அன்று அதை இழுத்தவர்களில் குளியாட்கள் எத்தனை பேரோ!

அண்மையில் பெரியவர் ஒரு வேலை வைத்தார். பார்களின் பெயர்களைத் தாம் சொல்ல நான் எழுத வேண்டும். மகன் துறைமுகத்தில் வேலை, பேரன் சென்னையில், கேட்க ஆளில்லை. அறைவீட்டுத் திண்ணையில் மூன்று மாலைகள் அமர்ந்தோம். தொல்லாயிரம் பார், பெர்னாந்து பார், கூடமுத்துப் பார், வான்தீவு அறுபாகம், நெஞ்சுரிச்சான் பார், ராஜாவுக்குச் சிப்பி சோதித்த பார். கரையில் எந்த ஆலயக் கோபுரம் எந்தப் பனைக்கு நேரே தெரிந்தால் எந்தப் பாரின்மேல் நிற்கிறோம் என்றும் சொன்னார். அந்தப் பனைகள் இப்போது இல்லை. இரண்டு பார்களின் இடம் குறித்து அவருக்கும் அவர் தம்பிக்கும் கருத்து வேறுபாடு. இருவர் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன்.