வாயால் சொன்னதும் சாட்சிதான்

பேரப்பிள்ளைகளே, கௌபாய் படத்தில் சுடப்பட்டு விழுகிறார்களே செவ்விந்தியர்கள், அவர்களில் ஒரு குலத்தார் செயென். காட்டெருமைக் கூட்டத்தின் பின்னாலேயே நகர்ந்து வாழ்ந்தவர்கள். பொதுக் காரியம் என்றால் 44 தலைவர்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள். 1877இல் வடக்கே இருந்தவர்களை அமெரிக்க அரசு தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு ஓட்டிச்சென்றது. காய்ச்சலும் பட்டினியும் தாங்காமல் மறுவருடம் சுமார் 300 பேர், பட்டாளம் துரத்தத் துரத்த, ஊர் திரும்பக் கிளம்பிவிட்டார்கள். வழியில் செத்தவர்கள் பலர். 1884இல்தான் மொன்டானாவில் அவர்களுக்கென்று ஒரு நிலம் ஒதுக்கப்பட்டது.

இதைக் கேட்டு உச்சுக்கொட்டுகிற நாம், இங்கே மலேசியாவில் நம் பக்கத்திலிருக்கும் தெமுவான் மக்களைப் பற்றி என்ன தெரிந்துவைத்திருக்கிறோம்? டுரியான் காலத்தில் கோலக்குபு பாரு சாலையோரம் பழத்தையும் பெத்தாய்க் கட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்தப் பூர்வகுடிகள், ஒராங் அஸ்லிதான். நாமும் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிவருகிறோம், அதோடு சரி. அவர்களில் ஒரு பெரியவரிடம் மரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த மரம் பாட்டன் நட்டது, எது அதற்கும் முந்தியது, எது யார் பங்கு என்று வரிசையாகச் சொல்வார். அவர்களுக்குப் பட்டா அந்த மரங்கள்தான். ஊருக்குத் தலைவர் பாத்தின். வழக்கு வம்பெல்லாம் அவர் முன்னால்தான் பேசித் தீரும்.

சிலாங்கூர் ஆற்றில் அணை கட்டியபோது, 2000த்தை ஒட்டி, கெராச்சி, பெர்த்தாக் பக்கத்துத் தெமுவான் குடும்பங்கள் இடம் மாறின. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கம் சுத்தம் செய்து கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அனுப்புகிறார்கள். குழாயைத் திறக்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

டிங்கில் பக்கம் புக்கிட் தம்போய் கிராமத்தில் நடந்தது வேறு. 1995இல் விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக அங்கிருந்த தெமுவான் மக்களிடமிருந்து 38 ஏக்கரை எடுத்தார்கள். 14 நாளில் காலி செய் என்று நோட்டீஸ். வீட்டுக்கும் மரத்துக்கும் பயிருக்கும் காசு கொடுத்தார்கள். மண்ணுக்குக் கொடுக்கவில்லை, அது உங்களுடையதே அல்ல என்றார்கள். அந்தக் கிராமத்துச் சாகோங் பின் தாசியும் வேறு சிலரும் கோர்ட்டுக்குப் போனார்கள். கையில் பட்டா கிடையாது. பாட்டன் பூட்டன் சொல்லி வந்த கதையும், விடாமல் காத்த அடாட் வழக்கமும்தான் இருந்தன. ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 2002இல் அந்த வாய்மொழி வரலாற்றைச் சாட்சியமாக ஏற்று, மண் அவர்களுடையதுதான் என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பும் அதை உறுதி செய்தது. 2010இல் சமரசம் ஏற்பட்டு 65 லட்சம் ரிங்கிட் கிடைத்தது.

இப்போது தோட்டத் தமிழர்களான நம் கதைக்கு வருகிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் குடியிருப்பு வந்தது. மூன்று தலைமுறை குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, வேலை போனால் வீடும் போச்சு என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். தெமுவானைப் போல ஆதியிலிருந்து இந்த மண்ணில் இருந்தவர்கள் நாம் என்று சொல்லிக்கொள்ள முடியாது; அவர்களுடைய காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களில்தான் நாமும் பிழைத்தோம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கோயிலை யார் கட்டினார்கள், கொள்ளுத்தாத்தாவைப் புதைத்தது எங்கே என்று கேட்டால் நம் வீட்டில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? பாட்டி குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு செத்துப்போனதற்குக் காரணம் தெரியுமா உங்களுக்கு?

கையில் போன் இருக்கிறது, ஒலிப்பதிவும் அதில் இருக்கிறது. இந்தப் பள்ளி விடுமுறையில் தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பேச விடுங்கள். தோட்டத்தின் பெயர், வருடம், ஆட்களின் பெயர் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.