சரித்திரப் பரீட்சையில் மூணு மார்க்

போன மாசம் ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கு மருத்துவ முகாம் போயிருந்தோம். அங்கே நடந்த ஒரு சின்ன விஷயம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. இதில் என் தப்பும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

பள்ளி முகாம்னா என்ன செய்வோம் என்று பலருக்குத் தெரியாது. எடை, உயரம் பார்ப்போம். கண் இமையைக் கீழே இழுத்து ரத்தசோகை இருக்கா என்று பார்ப்போம். பல், தோல், காது, இதயச் சத்தம், கடைசியா பார்வை. ஒரு பிள்ளைக்கு மூணு நாலு நிமிஷம் கிடைத்தால் அதிகம். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்ததும் பல பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் நான் எப்பவும் ஏதாவது பாடக் கேள்வி கேட்டுக்கொண்டே பார்ப்பேன்.

அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியலில் "இடைக்காலம்" என்று ஒரு பாடம் இருக்கு. ஐரோப்பாவின் நிலமானிய முறை, சிலுவைப் போர்கள் எல்லாம் அதில்தான் வரும். முந்தின நாள்தான் அதில் ஸ்லிப் டெஸ்ட் வைத்திருந்தார்களாம். சரி, அதிலேயே கேட்போம் என்று ஆரம்பித்தேன்.

"முதல் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தது யாரு?" "போப் இரண்டாம் அர்பன் சார், 1095." "ஜெருசலேமை எப்ப பிடிச்சாங்க?" "1099." பொண்ணுங்க டக் டக்குனு சொன்னாங்க. புத்தகத்தைத் தாண்டி, 1066ல் இங்கிலாந்தைப் பிடிச்சது யாருன்னு கேட்டேன். ஒருத்தி மட்டும் "நார்மண்டி வில்லியம்" என்றாள். அசந்துட்டேன். நான் அந்த வயசில் அரியலூரைத் தாண்டி எதையும் யோசித்ததில்லை.

அப்புறம் ஒரு பையன் வந்தான். வரிசையில் நிற்கும்போதே ஆசிரியர் சொல்லிட்டார், "டாக்டர், இவன்கிட்ட மட்டும் கேக்காதீங்க. இருபதுக்கு மூணு. ஹிஸ்டரியே வராது." பையன் சிரித்துக்கொண்டே நின்றான். பழகிப்போன சிரிப்பு.

நான் வருஷம் எதுவும் கேட்கவில்லை. "சலாவுதீன்னா யாருப்பா?" என்று மட்டும் கேட்டேன். கொட்டினான் பாருங்க. ஜெருசலேமைத் திரும்பப் பிடித்த சுல்தான், அவரோடு மோத இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட் கடல் தாண்டி வந்தது, ரிச்சர்ட் காய்ச்சலில் கிடந்தபோது எதிரியான சலாவுதீனே பழமும் பனிக்கட்டியும் அனுப்பிவைத்தது என்று கதை மாதிரி சொன்னான். "இது புக்குல இருக்கா?" "இல்ல சார். சார் கிளாஸ்ல சொன்னாரு." ஆசிரியர் முகத்தில் ஒரு ஆச்சரியம். அவர் நல்ல ஆசிரியர், கதை சொல்லி நடத்துகிறவர் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்தது.

என் பங்குக்கு நானும் ஒண்ணு சொன்னேன். அந்த ரிச்சர்ட் போர்க்களத்தில் வாள் வெட்டில் சாகவில்லை. ஊர் திரும்பிய பிறகு, ஒரு சின்னக் கோட்டையை முற்றுகை இட்டபோது தோளில் அம்பு பாய்ந்து, காயம் அழுகி 1199ல் செத்துப்போனார். பையன் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டான்.

கண்ணை இடுக்கிக்கொண்டு. அதுதான் என்னை உறுத்தியது.

டெஸ்ட் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் நிகழ்வுக்கு எதிரே ஆண்டு எழுதுற கேள்விகள். 1095க்கு 1085. 1099க்கு 1088. 1187க்கு 1167. 1192க்கு 1182. நோட்டை வாங்கிப் பார்த்தால் அதிலும் அதே தப்பு, அதே இடத்தில். 1, 2, 5, 7 ஒரு இடத்திலும் மாறவில்லை. 6, 8, 9 மட்டும்தான் ஒன்றுக்கொன்று மாறிக் கிடந்தது. நீங்களே யோசிச்சுப் பாருங்க, தூரத்தில் மங்கலாகத் தெரிந்தால் எந்த எண்கள் ஒரே மாதிரி இருக்கும்? பையன் படித்திருக்கிறான். போர்டில் தனக்குத் தெரிந்ததை அப்படியே எழுதி, அதை ஒழுங்காக மனப்பாடம் செய்து, அதையே பரீட்சையில் எழுதியிருக்கிறான். உட்காருவது கடைசி பெஞ்ச், ஏன்னா உயரமான பையன்.

இப்ப என் தப்புக்கு வரேன்.

போன வருஷ முகாம் அட்டையை எடுத்தேன். பார்வை: இரண்டு கண்ணும் 6/6. என் கையெழுத்து.

எப்படி? அவனையே கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். "முன்னாடி நின்ன பசங்க சொன்னத கேட்டுக்கிட்டே வந்தேன் சார். கடைசி வரி வரைக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு." நூறு பிள்ளைகள், ஒரே அறை, ஒரே எழுத்து அட்டை, எல்லாரும் வரிசையில் நின்று சத்தமாகப் படிக்கிறார்கள். பன்னிரண்டாவதாக வருகிறவனுக்கு கண்ணே தேவையில்லை, காது போதும். கண்ணாடி போட்டால் "சோடாபுட்டி" என்று கூப்பிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. எனக்கு மதியத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் போகும் அவசரம். ரெண்டும் சேர்ந்து ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டது.

அன்றைக்கு வராந்தாவில் அவனைத் தனியாக நிறுத்தி, ஆறு மீட்டர் அளந்து, E எழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிப் பார்த்தேன். வலது கண் 6/36, இடது 6/24. ஒரு அட்டையில் குண்டூசித் துளை போட்டு அது வழியாகப் பார்க்கச் சொன்னேன், இன்னும் மூணு வரி இறங்கிப் படித்தான். துளை வழியாகப் பார்த்தால் தெளிவாகிறது என்றால் பெரும்பாலும் கண்ணாடியில் சரியாகிற குறைதான். வேறு நோயாக இருக்குமோ என்ற என் பயம் அப்போதுதான் போனது.

அம்மாவை வரச் சொன்னோம். முந்திரி உடைக்கிற வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் முந்திரிப்பால் பட்டுக் கறுத்திருந்தது. "டிவி கிட்ட போயி உக்காருவாங்க டாக்டர். திட்டுவேன், அடிச்சும் இருக்கேன். கண்ணு தெரியலன்னு எனக்குத் தோணவே இல்லைங்க." உங்கள் வீட்டுப் பிள்ளை டிவியை ஒட்டி உட்கார்ந்தாலோ, கண்ணை இடுக்கினாலோ, பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதினாலோ அதட்டுறதுக்கு முன்னாடி ஒருமுறை பார்வையைச் சோதித்துவிடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசம்.

அம்மா வரும்வரை நேரம் இருந்தது. வகுப்பில் இன்னொரு கேள்வி கேட்டேன். "அந்த வில்லியம் இங்கிலாந்து முழுக்க நிலத்தையும் மாட்டையும் கணக்கெடுத்து ஒரு பெரிய ஏடு எழுத வச்சாரு, 1086ல். டூம்ஸ்டே புத்தகம்னு பேரு. அதே 1086ல நம்ம பக்கம் ஒரு ராஜா நிலம் அளக்க வச்சாரு. யாரு?" கப்சிப். முதலாம் குலோத்துங்கன். சுங்கம் தவிர்த்த சோழன் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்தவர்கள்தான். ஆனால் அவன் தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம், இங்கேயிருந்து ஜெயங்கொண்டம் வழியாக பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் என்பதை யாரும் சேர்த்து யோசித்ததில்லை. பாதிப் பேர் அந்தக் கோயிலுக்கு டூர் போயிருக்கிறார்கள். 1095ல் போப் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே யார் ஆண்டார்கள் என்று ஒரு தேர்விலும் கேட்பதில்லையே, அவர்களைச் சொல்லி என்ன!

எனக்குப் பிடித்த கதையையும் சொன்னேன். அதே தலைநகரிலிருந்து ஆண்ட வீரராஜேந்திரன் காலத்தில், 1068-69 வாக்கில், காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கு. கோயிலை ஒட்டி மாணவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி, அவர்களுக்காகப் பதினைந்து படுக்கையோடு ஒரு ஆதுலர் சாலை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்து கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். எல்லாருக்கும் சம்பளம் எவ்வளவு நெல் என்பதுவரை கல்லில் இருக்கு. இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. அதில் ரத்தசோகைக்கு இரும்புத் துருவில் செய்யும் மண்டூர வடகம் வருகிறது. நாங்கள் இன்றைக்குப் பள்ளியில் வாராவாரம் கொடுக்கிறோமே இரும்புச்சத்து மாத்திரை, அதன் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்ப கண்ணுக்கு சார்?" என்று கேட்டது நம்ம பையன்தான். பட்டியலில் சுநேத்ரி என்று ஒரு பெயர் இருக்குடா, நேத்திரம்னா கண்ணு என்றேன்.

மூணு வாரத்தில் கண்ணாடி வந்தது. மைனஸ் 2.5. கொடுக்க நானே போனேன். போட்டதும் போர்டைப் பார்க்கவில்லை அவன். ஜன்னல் வழியாக வெளியே வேப்ப மரத்தைப் பார்த்தான், ரொம்ப நேரம். "இலை தனித்தனியா இருக்கு சார்" என்றான்.

ஆசிரியர் அதே டெஸ்ட்டைத் திரும்ப வைத்திருக்கிறார். பதினாறு. நாலு மார்க் எங்கே போச்சு என்றால், நிஜமாகவே படிக்கவில்லையாம்.

இப்போதெல்லாம் அஞ்சு பிள்ளைக்கு ஒருமுறை அட்டையை மாத்துறேன். மற்ற பிள்ளைகள் வெளியேதான் நிற்க வேண்டும். போன வருஷம் நான் 6/6 போட்ட அட்டைகள் இன்னும் நிறைய இருக்கு. ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பார்த்துக்கொண்டு வருகிறேன். இதுவரை இன்னும் ரெண்டு பேர்.